பின்னிருக்கைக்கு அடியில் ஓர் ஊளை

மார்ச் 3, செவ்வாய்

இன்று எனக்கு எழுபத்தெட்டு வயதும் நான்கு மாதமும் பதினொரு நாளும் ஆகின்றன. வயதைக் குறைத்துச் சொல்பவர்களுக்கு அதைச் செலவழித்த விதத்தில் திருப்தியில்லை என்பது என் எண்ணம். எனக்கு அந்தக் குறை இல்லை. முழங்கால்கள் இரண்டும் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டன. கண்ணுக்குக் கண்ணாடி இருக்கிறது. காது, வீட்டாரின் பதிவுப்படி, அறவே கேட்காது.

உண்மையில், இந்த மாடியறையில் உட்கார்ந்தபடியே, கீழே பட்டறையில் மருமகள் தவறவிட்டது பெரிய ஸ்பேனரா சின்ன ஸ்பேனரா என்று என்னால் சொல்லிவிட முடியும். பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டு ஒலியியல் கற்பித்தவள் நான். பொய்க் கேள்வி கேட்கும் மாணவனை அவன் மூச்சிழுப்பிலேயே பிடித்திருக்கிறேன்.

ஆறு ஆண்டுகளாகச் செவிடி. காரணம் எளியது: என் சித்தி மகள் தொலைபேசியில் தன் குடலின் அன்றாடச் செய்திகளை வாசிப்பாள். எனக்குக் காது போனதும் ஒலிபரப்பு நின்றது. காது மருத்துவர் ஓசை கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். நான் அவரைப் பார்த்து அன்பாகச் சிரித்துக்கொண்டே இருந்தேன். அவர் தந்த கருவி அலமாரியில் தூங்குகிறது.

என் மகன் வரிக் கணக்காளன். என்னிடம் ரயில் நிலைய அறிவிப்பாளன் போலப் பேசுகிறான். "அம்மா! மாத்திரை! போட்டாச்சா!" எதிர்வீட்டுக்காரர் சில நாள் தன் மாத்திரையை இதைக் கேட்டுத்தான் போட்டுக்கொள்கிறார்.

மருமகள் கத்துவதில்லை. அவசியமானதைச் சமையலறைச் சிலேட்டில் எழுதுவாள். அவசியமில்லாததை என் எதிரே உட்கார்ந்து சுவரிடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போவாள். நானும் சுவரைப் போலவே இருந்துவிடுவேன்.

மார்ச் 5, வியாழன்

பல் மருத்துவரின் கார் வந்து என் சன்னலுக்குக் கீழே நிற்கிறது. பார்வைக்குக் கோயிலுக்குப் போகும் குடும்பத்தின் வண்டிபோல அடக்கமான நாலு கதவு. எஞ்சின் மூடிக்குள் டர்போ வைத்து, சக்தியை ஏறக்குறைய இரட்டித்திருக்கிறார்கள். நாள் முழுவதும் பிறரை வாயைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை இப்படியொரு ஆசை.

மருமகள் உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டே சொன்னாள்:

"அத்தை, பழைய ஃப்யூல் பம்ப் பத்தாதுன்னு பெருசா ஒண்ணு போட்டிருக்கேன். மேட்டுல முழுசா மிதிக்கும்போது அவ்வளவு பெட்ரோல் வேணும். ஆனா பாருங்க, சிக்னல்ல சும்மா நிக்கும்போதும் அது அதே வேகத்துலதான் சுத்துது. மிச்ச பெட்ரோல் எல்லாம் டேங்குக்கே திரும்பி வருது. சுத்திச் சுத்திச் சூடாகுது. சூடானா குமிழி வரும். குமிழி வந்தா நடுரோட்டுல நிக்க வேண்டியதுதான்."

நான் கிழங்கைப் பார்த்துத் தலையசைத்தேன்.

"திரும்புற குழாயும் பழசு, சின்னது. அதுல அவ்வளவும் போக முடியாம அழுத்தம் ஏறிக்கிது. வண்டி முழுக்க ஒரே பெட்ரோல் நாத்தம். அதனால பம்போட வேகத்தையே கட்டுப்படுத்தணும். நிக்கும்போது மெதுவா, மிதிச்சா முழு வேகம்."

ஒரே விருந்தாளிக்கு ஊர்ப்பந்தி சமைத்து, மிச்சத்தைத் திரும்பத் திரும்பச் சூடு பண்ணும் வீடுகளை எனக்குத் தெரியும். பம்புக்கும் அதே நோய்.

மார்ச் 6, வெள்ளி

அந்தப் பம்பு பின்னிருக்கைக்கு அடியில், தொட்டிக்குள் இருக்கிறது. இருக்கையைக் கழற்றிவிட்டதால் ஊளை நேரே என் தலையணைக்கு வருகிறது. மதியத் தூக்கம் என்பது எனக்கு உணவுக்குச் சமம். எழுந்து போய்த் திட்டவும் முடியாது. செவிடிக்கு என்ன புகார் இருக்க முடியும்?

செவிட்டுத்தனத்தின் முதல் பெரும் நட்டம் இது.

மார்ச் 8, ஞாயிறு

பம்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் வந்துவிட்டது. உள்ளங்கை அளவு பெட்டி, பின் டிக்கிக்குள் திருகப்பட்டிருக்கிறது. மடிக்கணினியிலிருந்து எஞ்சினுக்கும், எஞ்சினிலிருந்து பெட்டிக்கும், பெட்டியிலிருந்து பம்புக்கும் கட்டளை போகுமாம். அரசு அலுவலகத்தை ஒரு காருக்குள் அடைத்துவிட்டார்கள்.

மதியம் சோதனை. பம்பு முனகும், மிதித்ததும் கூரையைப் பிய்க்கும், மறுபடி முனகும். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் என் கையிலிருந்த புத்தகம் ஒரு பக்கம் தானாகப் புரண்டது. பிறகு என்ன நினைத்ததோ, பாய்வதை விட்டுவிட்டு மெல்ல ஏறி மெல்ல இறங்கத் தொடங்கியது. நாகரிகம் கற்றுக்கொண்டது போலும். உறங்கிவிட்டேன்.

விழித்தபோது பல் மருத்துவர் வந்து வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தமே இல்லையேம்மா!" என்றார். மருமகள் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. மருத்துவர் கையோடு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 10, செவ்வாய்

வண்டி திரும்பி வந்துவிட்டது. இழுவை வண்டியில்.

ரவுண்டானாவில் நெடுநேரம் காத்திருந்து, இடைவெளி கிடைத்ததும் மருத்துவர் மிதித்திருக்கிறார். கார் இரண்டு முறை விக்கி அப்படியே நின்றுவிட்டது. பின்னிருக்கையில் அவர் மாமியார். பேருந்து ஒன்று ஒட்டி வந்து நின்றதாம். மாமியார் மாப்பிள்ளையிடம் சொன்னது: "பல்லைப் பிடுங்கற வேலையோட நிறுத்திக்கோங்க."

அந்த அம்மாளைச் சந்திக்க விரும்புகிறேன்.

மார்ச் 11, புதன்

மருமகள் சாப்பிடவில்லை. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சுவரிடம் பேசினாள். மலைப்பாதை ஓட்டம் இருபத்தொன்றாம் தேதி. மருத்துவரின் கார் உட்பட, மாற்றியமைத்த கார்கள் பலவும் வரிசையாக ஏறி இறங்கும். எந்தக் காரை யார் செய்தது என்று எல்லாருக்கும் தெரியும். முன்பு அவள் வேலை பார்த்த பெரிய பட்டறைக்காரரும் வருவார். அவள் வேலையை விட்டபோது அவர் சொன்னது எங்கள் வீட்டில் அனைவருக்கும் மனப்பாடம்: "போய்ட்டு வாம்மா. உன் ஸ்டூலை எடுக்காம வெச்சிருக்கேன்."

"மலையில நின்னுதுன்னா நான் அந்த ஸ்டூலுக்குத்தான் போகணும் அத்தை. யாரும் இங்க வண்டி விட மாட்டாங்க."

முகத்தைச் சுவர் போலவே வைத்திருந்தேன். அது இன்று சிரமமாக இருந்தது.

மார்ச் 13, வெள்ளி

முற்றத்தில் நின்ற இடத்திலேயே காரை உறுமவிட்டுப் பார்க்கிறாள். மடிக்கணினியில், பம்புக்குப் போகும் கட்டளையைக் காட்டும் கோடு பழுதில்லை. மிதித்த கணமே சுவர்போல நேரே ஏறுகிறது. அவள் தோளுக்குப் பின்னாலிருந்து நானும் பார்த்தேன். எரிபொருள் அழுத்தத்தைக் காட்டும் முள்ளோ எஞ்சின் மூடிக்குள் இருக்கிறது. ஓடும்போது யார் மூடியைத் திறந்து பார்ப்பது? நிற்கும்போது பார்த்தால் முள் நல்ல பிள்ளையாக இருக்கிறது. ஓட்டும்போது அழுத்தத்தைப் பதிவுசெய்யும் கருவியை வரவழைத்திருக்கிறாள். அது ஓட்டம் முடிந்த பிறகுதான் வந்து சேருமாம்.

ஸ்பார்க் பிளக்கை மாற்றினாள். வடிகட்டியை மாற்றினாள். ஒயர் ஒவ்வொன்றையும் கழற்றி மாட்டினாள்.

எனக்கு மட்டும் ஒன்று கேட்கிறது. எஞ்சின் முதலில் உறுமுகிறது. பம்பின் சுருதி அதற்குப் பிறகுதான், ஆற அமர, படியேறி வருகிறது. கோடு சுவர். ஓசை சரிவு. கட்டளை உடனே போகிறது. பெற்றுக்கொண்டவன் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறான். சாலையில் என்றால், அதற்குள் எஞ்சின் இருந்ததைக் குடித்து முடித்துவிட்டு விக்கும்.

மருமகள் பக்கத்திலேயே நிற்கிறாளே என்றால், எஞ்சின் அவள் முகத்துக்கு நேரே கத்துகிறது. அந்தக் கூச்சலுக்கு நடுவே பம்பைப் பிரித்துக் கேட்க முப்பது ஆண்டுப் பழக்கம் வேண்டும்.

மார்ச் 14, சனி

சொல்லிவிடலாமா?

கேட்கிறது என்று சொன்னால் எனக்கு ஓர் இழப்பு உண்டு. சித்தி மகளின் குடல் அல்ல, அதைத் தாங்கிக்கொள்வேன். வேறு. என்னவென்று எழுதப்போவதில்லை. சொந்த நாட்குறிப்பிடமும் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சொல்லாமலே சொல்ல ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். நாளை.

மார்ச் 15, ஞாயிறு

வழி இதுதான். சன்னல் விளிம்பில் தண்ணீர் டம்ளரை வைத்து, மருமகளை மேலே அழைத்துக் காட்டினேன். "கார் உறுமுறப்போ தண்ணி உடனே ஆடுது. அப்புறம் கொஞ்சம் கழிச்சு இன்னொரு ஆட்டம், சின்னதா, மெதுவா வருது. ரெண்டாவது எதுன்னு பாரேன்." செவிடிக்கும் கண் உண்டல்லவா. என் மதிநுட்பத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவள் டம்ளரை உற்றுப் பார்த்தாள். என்னை உற்றுப் பார்த்தாள். ஓடினாள்.

மாலை வரை எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தாள்.

மார்ச் 16, திங்கள்

ரப்பர்கள் அருமையான நிலையில் உள்ளன. ஒரு நாள் போயிற்று. என் மதிநுட்பத்தைப் பற்றி இனி எழுதுவதாக இல்லை.

மார்ச் 18, புதன்

மகன் இன்று மனைவிக்கு ஆறுதல் சொன்னான். "பம்பை எப்பவும் முழு வேகத்துலயே ஓட விட்டுட்டா என்ன? தொல்லை விட்டுது." அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் தன் வரிப் படிவங்களுக்கே போய்விட்டான். கோடை வெயிலில், மலைப்பாதை நெரிசலில் முழு வேகம் என்றால் பெட்ரோல் கொதிக்கும். இது எனக்கே தெரியும். ஒரு சுவருக்குக்கூடத் தெரியும்.

போகிற போக்கில் என்னிடம்: "அம்மா! ஒண்ணுமில்ல! வண்டிதான்! ரிப்பேர்!"

மார்ச் 19, வியாழன்

கீழே மருமகள் தொலைபேசியில் பேசினாள். மறுமுனையில் பெரிய பட்டறைக்காரர். அவர் சொன்னது கேட்கவில்லை. அவள் சொன்னது கேட்டது. "இல்ல சார். இன்னும் சரியாகல சார். ...தெரியும் சார்." அவள் தோற்றால் இவருக்கு என்ன கிடைக்கும்? ஒரு ஸ்டூலுக்கு ஆள். அதற்கு இவ்வளவு ஆவலா? வெட்கங்கெட்ட மனுஷன், எங்க வீட்டுப் பொண்ணை "தெரியும் சார்"னு சொல்ல வெச்சிட்டானே—

தெளிவாக எழுத வேண்டும். நாளை எழுதுகிறேன்.

மார்ச் 20, வெள்ளி

எழுதுகிறேன்.

காலையில் படியிறங்கினேன். முழங்கால்கள் ஆட்சேபித்தன, குறித்துக்கொண்டேன். மருமகள் டிக்கியோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சிலேட் இல்லை.

"அந்தப் பம்பு லேட்டா எழுந்திருக்குது. கோடு நேரா ஏறுது, சத்தம் சாய்வா ஏறுது. கட்டளை சரி. பெட்டிக்குள்ளதான் யாரோ அதைப் பிடிச்சு வெச்சிருக்காங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் எதிர்பார்த்தது: அதிர்ச்சி, கோபம், குறைந்தபட்சம் ஒரு "என்னது!" அவளோ ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ அத்தை, அந்த ஸ்க்ரூ!" என்றாள்.

"எந்த ஸ்க்ரூ?"

"பெட்டிக்குள்ள ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கு. பம்ப் எவ்வளவு மெதுவா வேகம் எடுக்கணும்னு அதுலதான் வைக்கணும். அன்னிக்கு டெஸ்ட் பண்ணும்போது திடீர் திடீர்னு அலறுச்சே. அதைக் கடைசி வரைக்கும் திருப்பி வெச்சேன். சாயங்காலம் பழையபடி மாத்தணும்னு நெனச்சேன். அதுக்குள்ள டாக்டர் வந்து நின்னுட்டார். நானும் மறந்தே போயிட்டேன்."

"அலறினா அலறட்டுமே. எதுக்கு மெதுவா வெச்சே?"

"நீங்க தூங்குற நேரம்."

இருவரும் டிக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செவிடி ஒருத்தியின் தூக்கம் கெடக்கூடாது என்று பம்பை அடக்கியவள் இவள். அதைக் காதால் கண்டுபிடித்த செவிடி நான்.

"எனக்குக் காது கேக்கும்னு எப்போலேருந்து தெரியும்?"

"மூணு வருஷம் இருக்கும். கெட்டில் கூவும்போது முதுகைக் காட்டிட்டு நின்னீங்க. திரும்பாமலே கையை நீட்டி அடுப்பை அணைச்சீங்க."

"அப்படியும் சுவருகிட்ட சொல்ற மாதிரி என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிக்கிட்டிருந்தியே."

"சுவருகிட்ட யாராவது பம்ப் எதுக்கு சூடாகுதுன்னு விளக்குவாங்களா அத்தை?"

"அப்ப அந்த டம்ளரு?"

"ஏதோ சொல்ல வர்றீங்கன்னு தெரிஞ்சுது. ஆனா அதிர்வுன்னீங்களா, நான் எஞ்சின் ரப்பருக்குப் போயிட்டேன். வாயைத் திறந்து 'சத்தம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு நாள் மிச்சம்."

திட்டு வாங்கி நாளாயிற்று. நன்றாகவே திட்டினாள்.

குத்தூசி போன்ற திருப்புளியால் அந்தத் திருகைத் திருப்பினாள். எஞ்சினைக் கிளப்பி மிதித்தாள். பம்பு ஒரே பாய்ச்சலாக எழுந்தது; உறுமலும் ஊளையும் ஒரே அடியில். விட்டதும் அடங்கி முனகியது. சரியாகிவிட்டது என்று நான் கையை உயர்த்தினேன். பிறகு தெருவில் இருமுறை ஓட்டிப் பார்த்தாள். விக்கலே இல்லை.

"ஏன் அத்தை காது கேக்காத மாதிரி இருந்தீங்க?" என்று கேட்டாள். சித்தி மகளின் குடலைச் சொன்னேன். சிரித்தாள்.

மகனிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு. அவனுக்கு இருக்கும் ஒரே உடற்பயிற்சி அந்தக் கத்தல்தான்.

மார்ச் 22, ஞாயிறு

கார் மலையேறி இறங்கியது. வழியில் ஊர்வலம்போல நெரிசல், வெயில். மூன்று கார்கள் பெட்ரோல் கொதித்து ஓரங்கட்டின. அவற்றில் ஒன்று பெரிய பட்டறையில் செய்தது. பல் மருத்துவரின் கார் முனகியபடி அவற்றைக் கடந்து போனதாம். மாமியாரும் உடன் போயிருக்கிறார். கருத்து ஏதும் சொல்லவில்லை என்பதை மருத்துவர் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

பட்டறைக்காரர் மருமகளிடம் வந்து, "பம்ப் சத்தமே கேக்கலையே, எப்படி வெச்சே?" என்று கேட்டிருக்கிறார். அவள் சொன்னது: "வீட்டுல பெரியவங்க தூங்குவாங்க சார்." அவருக்குப் புரிந்திருக்காது. புரிய வேண்டியதும் இல்லை.

மார்ச் 23, திங்கள்

கீழே முற்றத்தில் இரண்டு புது வண்டிகள். மதியத் தூக்கத்துக்கு ஆபத்து.

மார்ச் 25, புதன்

மலையிலிருந்து வந்தபின் ஒரு முறை சரிபார்க்கட்டும் என்று மருத்துவர் விட்டுச்சென்ற காரைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். "காது வேணும், வாங்க" என்று மருமகள் என்னையும் ஏற்றிக்கொண்டாள். இருக்கை வாரைப் போட்டுக்கொள்ளவே எனக்குப் பாதித் தெரு ஆயிற்று.

பெரிய சாலையில் சிவப்பு விளக்கு. நின்றோம். பின்னால் பம்பு, கூட்டத்தில் வாய்க்குள் பாடிக்கொள்பவனைப் போல, தாழ்ந்த சுருதியில் முனகிக்கொண்டிருந்தது.

அவள் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். "அந்தச் சித்தி மக கதையை நான் நம்பல அத்தை. அப்பல்லாம் அவங்க போன் பண்ணினா நீங்க ரிசீவரை மேஜைமேல வெச்சிட்டுப் பேப்பர் படிப்பீங்க. அதுக்குப் போய் யாராவது செவிடாவாங்களா?"

கூர்மையான பெண். இந்த வீட்டுக்கு இவளை அழைத்து வந்த அளவில் என் மகனுக்குப் புத்தி உண்டு.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி நீயும் அவனும் பக்கத்து அறையில பேசிக்கிட்டிருந்தீங்க" என்றேன். "இந்த வீட்டுல எது பேசினாலும் அம்மா காதுல விழுது, சண்டை போடணும்னாகூடப் பக்கத்துத் தெருவுக்குப் போக வேண்டியிருக்கு, வேற வீடு பாக்கலாம்னு. யார் சொன்னதுன்னு நான் சொல்ல மாட்டேன். நியாயமான பேச்சுதான். சுவரும் மெல்லிசு."

அவள் கியரிலிருந்து கையை எடுத்தாள்.

"மறுநாள் காலையில எனக்குக் காது போயிடுச்சு. நீங்களும் போகல."

விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். மறுபடியும் அடித்தான். எங்கள் இருவருக்கும் நன்றாகவே கேட்டது.